லூனா என்றுதான் சொன்னேன்

பொறாமை வந்தால் எனக்கு முதலில் காதுதான் சூடாகும். தம்பி எனக்கு முன்னால் மாடி வீடு கட்டியபோது சூடானது. எதிர்ப் பட்டறைக்காரன் புது லேத் இறக்கியபோது சூடானது. ஆனால் ஐம்பத்து நாலு வயதில், ஒரு நாய்க்குட்டி முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் சேலை நுனியை மோந்து பார்த்ததற்கெல்லாம் காது சூடாகும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

என் பெயர் கலையரசன். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிகளின் கம்ப்ரெஸரைப் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன். கோபக்காரன் என்று ஊரில் பேர், அது உண்மைதான். மகள் அபிநயா சேலத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். மீதி நேரத்தில் அவளும் அவள் சிநேகிதிகளும் சேர்ந்து தெருநாய்களைக் காப்பாற்றுகிறார்கள். அடிபட்டது, அனாதையாய்க் கிடப்பது என்று எதையாவது தூக்கி வந்து, வைத்தியம் பார்த்து, நல்ல வீடாகத் தேடிக் கொடுப்பார்கள். வீடு அமைகிற வரைக்கும் யாராவது அதை வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்திருப்பவருக்கு அவர்கள் பாஷையில் ஃபாஸ்டர் என்று பெயர். என் பாஷையில் இளிச்சவாயன்.

"பதினஞ்சே நாளுப்பா. நானே வந்து கூட்டிட்டுப் போயிர்றேன்" என்று சொல்லித்தான் மார்கழியில் ஒரு பெட்டைக் குட்டியைக் கொண்டுவந்து இறக்கினாள். சங்ககிரிப் பக்கம் ரோட்டுப் பாலத்தின் குழாய்க்குள் ஒடுங்கிக் கிடந்ததாம். எட்டு மாதம் இருக்கலாம் என்றாள். செவலை நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடங்கியிருக்கும். எவனோ நன்றாக அடித்திருக்கிறான். விளக்குமாற்றைக் கண்டால் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடும். அந்தப் பெண்கள் அதற்கு லூனா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

லூனா வந்த வேகத்தில் கொல்லைப்புறத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் போய்ப் படுத்தது. ஒரு வாரம் அங்கேயே கிடந்தது. என் மனைவி உண்ணாமலை சோறு வைத்துவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினால்தான் வாய் வைக்கும். எனக்குக் கோபம் வந்தது. சோறு போடுகிற வீட்டை இப்படி நடத்தினால் யாருக்குத்தான் வராது? ஒருநாள், உன் மூஞ்சியில் முழிக்கவே போவதில்லை என்று முதுகைக் காட்டிக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். பின்னால் தட்டு நகரும் சத்தம் கேட்டது. நான் அங்கே இருக்கும்போதே சாப்பிட்டது.

அதிலிருந்து பட்டறையிலிருந்து வந்ததும் முதுகைக் காட்டி உட்காருவது என் அன்றாட வேலையாகிவிட்டது. பத்தொன்பதாவது நாள் என் சட்டையை மூக்கால் ஒரு தடவை தொட்டது. கொசு கடித்துக்கொண்டிருந்தது. நான் அசையவில்லை.

பெயர்தான் என் நாக்கில் நிற்கவில்லை. நான் கூப்பிட்டால் லூனா, லூணாவாகும், சில நேரம் லோணாவாகும். அதுவும் திரும்பாது. அந்தப் பெயருக்கும் தனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுபோலப் படுத்திருக்கும். தை மாதம் பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் திடீரென்று வேட்டுப் போட்டார்கள். குட்டி சுவரோடு ஒட்டிக்கொண்டு உதறியது. "ஒண்ணுமில்ல சாமி, வா சாமி" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. அபிநயா சின்னப் பிள்ளையாக இருந்தபோது இடி இடித்தால் அப்படித்தான் சொல்லுவேன். எங்கள் பக்கம் பிள்ளையும் சாமி, பெரியவரும் சாமி. வாயில் தானாக வருகிற சொல்.

குட்டி எழுந்து வந்து என் மடியில் தலையை வைத்தது.

அதற்கப்புறம் எனக்கு அது லூனாவும் இல்லை, 'அது'வும் இல்லை. அவள். ஆள் இல்லாத நேரத்தில் சாமி என்பேன், மடங்கின காது துள்ள ஓடி வருவாள். ஆள் இருந்தால் லூனா என்பேன். அந்தச் சொல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஊரே நாள் முழுக்கப் பேசுகிற ஒரு சொல்லை ஒளித்து வைக்க நினைத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருக்கும்.

ஒளித்து வைக்க முடியவில்லை. ஒருநாள் உண்ணாமலை மகளிடம் போனில் "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டாள். என் காலடியில் கிடந்தவள் சட்டென்று எழுந்து அவளிடம் ஓடினாள். எனக்குக் காது கொதித்தது.

"புள்ளைய ஏன் சாமி சாமின்னு ஏலம் போடற? பேர் சொல்லிப் பேச வராதா உனக்கு?" என்று கத்தினேன்.

உண்ணாமலை போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. "ஏனுங்க, ஒரு நாயிக்குப் போட்டியா?" என்று சிரித்தாள். ஆனால் அன்றிலிருந்து என் எதிரில் மகளை அம்முணி என்றுதான் கூப்பிட்டாள். அவள் அப்படிப்பட்டவள்.

பதினைந்து நாள் மூன்று மாதமானது. நல்ல இடம் வரவில்லை என்பதல்ல, வந்த இடத்தையெல்லாம் நான் விரட்டினேன். முதலில் நாமக்கல் பக்கமிருந்து ஒரு கோழிப்பண்ணைக்காரர் வந்தார். "நல்லாக் கொரைக்குமுங்களா?" என்றார். "நான் கொரைக்கிற அளவுக்குக் கொரைக்காதுங்க" என்றேன். எழுந்து போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை, சங்கிலியில் கட்டத்தான் கேட்டார். அடுத்து சேலத்திலிருந்து ஒரு இளம் தம்பதி வந்தது. தங்கமான பிள்ளைகள். அந்தப் பெண் சென்ட் போட்டிருந்தாள், எங்கள் குட்டிக்குத் தும்மல் வரும் என்று அபிநயாவிடம் சொல்லிவிட்டேன்.

"பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்கறப்பக்கூட இத்தன நொட்ட சொல்ல மாட்டீங்க" என்றாள் உண்ணாமலை. வருகிறவர்களுக்கெல்லாம் முறுக்கும் காப்பியும் கொடுத்து அலுத்திருந்தாள். "உங்களுக்கு வேணும்னா வேணும்னு சொல்லிப்போடுங்க. புள்ள நமக்கே விட்ரும்."

அதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. நாய் எதற்கு, வீட்டுக்கு நாற்றம் என்று இருபது வருஷமாக மகளிடம் சண்டை போட்டவன் நான். அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது எடுத்து வந்த குட்டியைச் சாக்கில் போட்டு மல்லசமுத்திரம் சந்தையில் விட்டு வந்தவன் நான். இப்போது எந்த வாயால் கேட்பது? போதாததற்குப் பட்டறை வீட்டோடு ஒட்டி இருக்கிறது. கம்ப்ரெஸர் ஓடவிட்டுப் பார்க்கிற நாளெல்லாம் குட்டி கல்லுக்குப் பின்னால் நடுங்கிக் கிடக்கும். அதை அபிநயா முதல் வாரமே பார்த்துவிட்டாள். "இந்த ஊடு அதுக்கு ஆகாதுப்பா" என்று அன்றைக்கே சொல்லியும் விட்டாள்.

பங்குனியில் பெருமாயி வந்தாள். ஆத்தூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் தபால் நிலையத்தில் வேலை. நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் சென்றாயன் மரவள்ளி போடுகிறவர். காட்டுக்குள் தனி வீடு, சத்தமில்லாத இடம். அபிநயாவே காரில் கூட்டி வந்தாள்.

வந்தவள் குட்டி எங்கே என்று கேட்கவில்லை. நாற்காலி போட்டும் உட்காராமல் கொல்லைப்புறத் தரையில் உட்கார்ந்து, உண்ணாமலையோடு வெயிலைப் பற்றியும் முருங்கைக்காயைப் பற்றியும் பேச ஆரம்பித்தாள். கல்லின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். குட்டி கல்லுக்குப் பின்னாலிருந்து வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்து, பெருமாயியின் சேலை நுனியை மோந்தாள்.

எனக்குப் பத்தொன்பது நாள் ஆனது. இவளுக்கு ஒரு மணி நேரம். காது இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தது. அபிநயா சத்தமில்லாமல் கை தட்டினாள். நான் எழுந்து பட்டறைக்குப் போய் ஒரு வேலையும் இல்லாமல் ஸ்பேனர்களை அடுக்கினேன்.

குற்றம் கண்டுபிடிக்க ஏதாவது சிக்குமா என்று ஒருவாரம் தேடினேன். சிக்கவில்லை. பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போக வந்தார்கள். பெருமாயி ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். என்ன சாப்பிடும், எதற்குப் பயப்படும், எங்கே படுக்கும். சொன்னேன். குக்கர் விசில், விளக்குமாறு, வேட்டு, எல்லாம் சொன்னேன். முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. வாய் வரைக்கும் வந்தது, முழுங்கிவிட்டேன்.

"எப்படிக் கூப்பிடுவீங்கண்ணே?"

உண்ணாமலை உள்ளே சோற்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். அபிநயா காரில் துணி விரித்துக்கொண்டிருந்தாள். கேட்க யாரும் இல்லை.

"லூனா" என்றேன். ஒரு எழுத்தும் பிசகாமல் வந்தது.

பெருமாயி அதையும் எழுதிக்கொண்டாள். ஆத்தூர்ப் பக்கம் பேச்சு வேறு. அங்கே பிள்ளைகளைப் பாப்பா என்பார்கள், கண்ணு என்பார்கள். சாமி என்றால் அவர்களுக்குக் கோயிலில் இருப்பதுதான். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

புதன்கிழமை அபிநயா போன் செய்தாள். குட்டி கட்டிலுக்கடியில் போனது போனதுதானாம். மூன்று நாளாகத் தண்ணீர் மட்டும், சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. லூனா லூனா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டும் காதைக்கூட அசைக்கவில்லை. பெருமாயி லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "நீங்க ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்கப்பா. முடியலைன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துருங்க" என்றாள் மகள்.

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? பட்டினி கிடக்கிறாள் என்று கேட்டதும் பதறிப்போனது உண்மை. அதற்கு முன்னால் ஒரு நொடி சந்தோஷம் வந்ததும் உண்மை. வியாழக்கிழமை காலையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். அவள் படுத்திருந்த பழைய துண்டை மடித்துப் பையில் வைத்தேன்.

உண்ணாமலை வாசலில் நின்றாள். "ஏனுங்க, கூப்புடற பேர அந்தப் புள்ளகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எந்தப் பேர?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வாயில்லாத சீவனப் பட்டினி போட்டுப்போட்டு, வெள்ளச் சட்ட வேற" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சேலத்தில் பஸ் மாறி ஆத்தூர் போய், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து இறங்கும்போது உச்சி வெயில். சென்றாயன் ரோட்டுக்கே வந்து கூட்டிப் போனார். அதிகம் பேசாத மனிதர். "இவளும் சரியா சாப்பிடறதில்லீங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வெளியே மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக் கட்டாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். காக்காய்ச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. குட்டிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நினைத்தேன், நினைத்ததற்கு எரிச்சலும் பட்டேன்.

வாசற்படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன்.

பெருமாயி கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து முறத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கட்டிலின் விளிம்போரம் ஒரு தட்டு.

"மெதுவா வாங்கண்ணே" என்றாள் கிசுகிசுப்பாக. "திரும்பிப் பாக்கக் கூடாது. நேத்து சாயந்தரம் அலுத்துப்போய் இப்படித் திரும்பி ஒக்காந்தேன், ரெண்டு வாய் சாப்பிட்டுச்சு. காலையில ரெண்டு வாய். நான் திரும்பினா நிறுத்திடுது."

யாரும் சொல்லிக் கொடுக்காமல் நான் கண்டுபிடித்ததை இவளும் கண்டுபிடித்துவிட்டாள். அதுவும் என்னைவிடச் சீக்கிரமாக. என் காது மறுபடி சூடானது.

அந்த நேரத்தில் கட்டிலுக்கடியில் தட் தட் என்று சத்தம் கேட்டது. வால். என் வாசனை போய்ச் சேர்ந்துவிட்டது. நாலு நாளில் அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டதே இல்லை போலிருக்கிறது. பெருமாயியின் கை நின்றது. தலையைத் திருப்பாமலே அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். மூன்று மாதமாக நான் போட்டுக்கொண்டு திரிந்தது. உண்ணாமலை போன் பேசியபோது, குட்டி பெருமாயியின் சேலை நுனியை மோந்தபோது, என் மூஞ்சி எப்படி இருந்திருக்கும் என்று நான் பார்த்ததில்லை. இப்போது பார்த்தேன். முதலில் குளுகுளுவென்றிருந்தது. ஆமாம், வயிறு எரியட்டும், எனக்கு எரியவில்லையா என்று நினைத்தேன்.

பெருமாயி முறத்தைக் கீழே வைத்தாள். "உங்ககிட்டதான் வரும்ணே. எனக்கு மனசு ஆறலைதான், அதுக்காக அதைப் பட்டினி போட்டுக் கொல்றதா? நீங்க கூப்பிடுங்க. வந்துச்சுன்னா கூட்டிட்டுப் போயிடுங்க." கடலைத் தூசிக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். கண் இன்னும் எரிந்திருக்கும்.

ஒரு சொல். வாயைத் திறந்தால் போதும், ஓடி வந்து மடியில் விழுவாள். பையில் துண்டு இருக்கிறது, நாலு மணிக்கு பஸ் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் எனக்கு எரிந்ததுபோலவே எரிகிறது, எரிந்துகொண்டே கூட்டிப் போ என்கிறாள். நான் எரிந்தபோது என்ன செய்தேன்? நோட்டில் பொய்யை எழுத வைத்தேன். அவள் தன் பொறாமையை ஜெயித்துவிட்டாள், நான் வாசற்படியிலேயே தோற்று நின்றேன். வெட்கமாக இருந்தது.

"அம்மணி" என்றேன். "அன்னிக்குப் பேரு கேட்டீங்கல்ல. நான் சரியாச் சொல்லுலீங்க."

"லூனாதானே?"

"அது புள்ளைங்க வெச்ச பேரு. அவளுக்கு அது தெரியாது." அந்தச் சொல்லை என் வாயால் சொன்னால் குட்டி ஓடி வந்துவிடுவாள். அதனால் பெருமாயியின் நோட்டை வாங்கினேன். லூனா என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

பெருமாயி படித்தாள். புருவத்தை நெரித்தாள். "சாமியா? கோயில்ல இருக்கிறதா?"

அவள் சொன்னது வெறும் சத்தமாக இருந்தது, கட்டிலுக்கடியில் ஒரு அசைவும் இல்லை. "கோயில்ல இருக்கறது இல்லீங்க" என்றேன், குரலைத் தணித்து. "எங்க பக்கம் புள்ளையக் கூப்புடற வார்த்தைங்க இது. முன்னால ஒண்ணுமில்லன்னு சொல்லோணும். ஒண்ணுமில்ல, வா... அப்பறம் அந்த வார்த்தைய இழுத்து, கொஞ்சம் கெஞ்சறாப்புல. உங்க புள்ள இடிச் சத்தத்துக்குப் பயந்துட்டு நிக்கிதுன்னு வெச்சுக்குங்க."

"நீங்க ஒரு தடவை சொல்லிக் காட்டுங்களேன்."

"நான் சொல்லக் கூடாதுங்க" என்றேன். வெளியே வந்துவிட்டேன்.

மரவள்ளிக் குச்சிக் கட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். உள்ளே பெருமாயியின் குரல். முதல் தடவை தவறாக வந்தது. இரண்டாவது தடவை இழுவை அதிகம். மூன்றாவது தடவை, "ஒண்ணுமில்ல... வா சாமி" என்றாள். என் குரல் மாதிரியே இருந்தது, ஆனால் என்னுடையதைவிட மெத்தென்று இருந்தது.

சிமெண்டுத் தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது. நாலு அடி, ஐந்து அடி. சத்தம் பெருமாயியைத் தாண்டி வாசல் வரைக்கும் வந்து நின்றது. என்னைத் தேடுகிறாள். குச்சிகளுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள் மூச்சு. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

"வா சாமி" என்றாள் பெருமாயி மறுபடியும். குரல் உடைந்திருந்தது.

நகச் சத்தம் திரும்பியது. மெதுவாக உள்ளே போனது. முறம் தட்டிக் கடலைகள் உருண்டன. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து சென்றாயன் வெளியே வந்தார். "மடியில தலைய வச்சிடுச்சுங்க" என்றார். நான் வாயிலிருந்து துண்டை எடுத்தேன். பையிலிருந்த பழைய துண்டையும் எடுத்து அவரிடம் கொடுத்து, கட்டிலுக்கடியில் விரித்துவிடச் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். இல்லீங்க, பஸ் வந்துவிடும் என்று நடந்தேன்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ரோட்டுக்கு வந்து புளியமரத்தடியில் உட்கார்ந்தபோதும் காது இரண்டும் கொதித்தது. இந்நேரம் அந்த மடங்கின காதை அவள் தடவிக்கொண்டிருப்பாள்.

உண்ணாமலை கூப்பிட்டாள். "கூட்டிட்டு வாரீங்களா?"

"இல்ல. பேரச் சொல்லிப்போட்டேன். அங்கயே இருக்கட்டும்."

"அழுவறீங்களா?"

"இல்ல. காது சூடா இருக்குது."

"இருக்குமுங்க" என்றாள். அப்புறம், "ஒண்ணுமில்ல. ஊட்டுக்கு வா சாமி" என்றாள்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. எழுந்தேன்.